நம்ம ஊர் ரோடு யாருக்கு? டெண்டர் பேச்சில் நாம் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் தார் போட வந்த லாரிகளின் நம்பர் பிளேட் 'ஜிபி' என்று முடிந்தது. கௌதெங் மாகாணத்து வண்டிகள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்து கோயில் வாசலில் வேறு பேச்சே இல்லை. இரண்டு டிப்பர் லாரியும் ஒரு மண்தோண்டி இயந்திரமும் வைத்துப் பிழைக்கும் மாமா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னப்பா, நம்ம ஊர் ரோட்டை நம்மளே போட முடியாதா? ஜோஹன்னஸ்பர்க்ல இருந்து ஆள் வரணுமா?"

இருபது வருஷத்துக்கு மேல் டர்பன் சுற்றுவட்டாரச் சாலை வேலைகளுக்கு எஸ்டிமேட் போட்டவன் நான். மாமாவின் கோபம் எனக்குப் புரியும். ஆனால் அந்தக் கோபத்தோடு கூடவே வந்த வாதங்களில் பாதி தப்பு. அதே தப்புகளை வார்டு கூட்டங்களிலும் கேட்கிறேன், டெண்டர் எழுதும் அலுவலகங்களிலும் பார்த்திருக்கிறேன்.

முதல் தப்பு, நம்பர் பிளேட்டையும் முகவரியையும் பார்த்து ஊரை முடிவு செய்வது. டர்பனில் நாற்பது வருஷமாகக் கிளை வைத்து, இங்குள்ள மேஸ்திரிகளையே வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனியின் தலைமையகம் ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கலாம். டெண்டர் வருவதற்கு மூன்று மாதம் முன்பு ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, வாசலில் பலகை மாட்டிய கம்பெனி, டெண்டரில் விலையோடு சேர்த்துப் பார்க்கும் மதிப்பெண்ணை "உள்ளூர்" என்று வாங்கிவிடலாம். இரண்டுமே நடக்கிறது. 'நகராட்சி எல்லைக்குள் அலுவலகம்' என்று ஒரே வரியில் எழுதும் டெண்டர் இரண்டாவது ஆளுக்குத்தான் கதவைத் திறந்துவிடுகிறது. எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறது, இயந்திரங்கள் எந்த யார்டில் நிற்கின்றன, நகராட்சி வரி பில் யார் பெயரில் வருகிறது, சம்பளம் வாங்குகிறவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். அதுவும் விளம்பரம் வருவதற்கு முன்பே. டெண்டர் பெட்டி மூடிய பிறகு 'உள்ளூர்' என்றால் என்ன என்று யோசிக்க ஆரம்பித்தால் வழக்குதான் மிஞ்சும்.

இதோடு ஒட்டிய குழப்பம் ஒன்று. உள்ளூர் என்பதும், இனவெறி ஆட்சியில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு முன்னுரிமை தரும் கறுப்பினப் பொருளாதார வலுவூட்டல் என்பதும் ஒன்றல்ல. அதற்கான 2003ஆம் ஆண்டின் 53ஆம் எண் சட்டத்தில் 'கறுப்பின மக்கள்' என்ற சொல் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரையும் சேர்த்தே குறிக்கிறது. "நமக்கு மார்க்கே கிடையாது" என்று டீக்கடையில் சொல்வது சட்டத்தின்படி சரியல்ல. அதே நேரம், விலையைத் தவிர வேறு எதற்கெல்லாம் மதிப்பெண் என்ற 'இலக்குகளை' ஒவ்வொரு டெண்டரும் தானே வகுத்துக்கொள்கிறது. எதற்கு எத்தனை மதிப்பெண் என்பது அந்த ஆவணத்தில்தான் இருக்கும், டீக்கடையில் இருக்காது.

அப்புறம், முப்பது சதவிகிதம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு எண்ணால் நம் க்வாசூலு-நட்டால் மாகாணத்தில் எத்தனையோ வேலைகள் நின்றிருக்கின்றன. கையில் துப்பாக்கியோடு சைட்டுக்கு வந்து "சட்டப்படி எங்களுக்கு முப்பது பெர்சென்ட்" என்று நின்றவர்கள் உண்டு. அந்த எண் எங்கிருந்து வந்தது? 2017இல் வந்த முன்னுரிமைக் கொள்முதல் விதிகள், 3 கோடி ராண்டுக்கு மேற்பட்ட வேலைகளில், முடிகிற இடத்தில், குறைந்தது 30 சதவிகிதத்தைத் துணை ஒப்பந்தமாகக் கொடுக்க வேண்டும் என்றன. யாருக்கு? கறுப்பினத்தவர் பெரும்பான்மை உரிமை வைத்திருக்கும் சிறு நிறுவனங்கள், அவற்றிலும் இளைஞர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், கிராமப்புறத்தினர் என்று விதியே பட்டியல் கொடுத்திருந்தது. சைட்டுக்கு மிக அருகில் குடியிருப்பவர் என்று எங்கும் இல்லை. துணை ஒப்பந்தம் என்றால் வேலை செய்து காசு வாங்குவது. வேலை செய்யாமல் பங்கு வாங்குவதற்கு எந்த விதியும் இல்லை, இருந்ததும் இல்லை.

அந்த விதிகளும் இப்போது இல்லை. அமைச்சர் தன் அதிகாரத்தை மீறி அவற்றை வகுத்தார் என்று 2022 பிப்ரவரி 16 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஜனவரி 16 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் அந்த 30 சதவிகிதக் கட்டாயம் கிடையாது. பிறகு ஏன் இன்றும் டெண்டர்களில் அந்த எண் தென்படுகிறது? டெண்டர் விடுகிற அமைப்பே அதை ஒப்பந்த நிபந்தனையாக எழுதிக்கொள்ளலாம் என்பதால். அப்படி எழுதியிருந்தால் ஜெயித்த கம்பெனி அதற்குக் கட்டுப்பட்டது. எழுதவில்லை என்றால் கேட்பவருக்கு உரிமை இல்லை. 2024 ஜூலையில் கையெழுத்தான பொதுக் கொள்முதல் சட்டம் ஒதுக்கீட்டுக்கும் துணை ஒப்பந்தத்துக்கும் சட்டத்துக்குள்ளேயே இடம் கொடுத்திருக்கிறது. ஆகவே கையில் இருக்கும் டெண்டர் எந்த விதிகளின் கீழ் விளம்பரமானது என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

"உள்ளூர்க்காரன் விலை கூட, அதனால் அவனுக்குக் கிடைக்காது" என்பது அடுத்தது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 கோடி ராண்ட் வரையிலான வேலைக்கு விலைக்கு 80 மதிப்பெண், இலக்குகளுக்கு 20. அதற்கு மேல் போனால் 90, 10. குறைந்த விலை கேட்டவருக்கு முழு 80. மற்றவருக்கு, அவர் எத்தனை சதவிகிதம் கூடக் கேட்டாரோ அத்தனை சதவிகிதம் அந்த 80இல் குறையும்.

வெளி மாகாணக் கம்பெனி 2 கோடி ராண்ட் கேட்கிறது. நம் ஊர்க் கம்பெனி 2 கோடியே 16 லட்சம், அதாவது 8 சதவிகிதம் கூட. விலையில் வெளியூருக்கு 80, நமக்கு 73.6. இலக்குகளில் நமக்கு முழு 20, அவர்களுக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் நமக்கு 93.6, அவர்களுக்கு 90. நாம் ஜெயிக்கிறோம். 2 கோடியே 25 லட்சம் கேட்டிருந்தால் சமநிலை. 2 கோடியே 30 லட்சம் என்றால் தோல்வி. பெரிய வேலையில் இந்தத் தாங்கும் சக்தி சுருங்கிவிடும். 90க்கு 10 முறையில் 5 மதிப்பெண் முன்னிலை ஐந்தரை சதவிகித விலை வித்தியாசத்தைத்தான் தாங்கும். இதைப் போட்டுப் பார்க்காமல் "எப்படியும் மார்க் இருக்கு" என்று லாபத்தை ஏற்றி வைத்துத் தோற்றவர்களை எனக்குத் தெரியும்.

அந்த 16 லட்சம் கூடுதலை நகராட்சி ஏன் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. சம்பளம் இங்கேயே செலவாகும், இயந்திரம் இங்கேயே ரிப்பேருக்குப் போகும் என்பது சரியான பதில். ஆனால் 'எல்லாமே உள்ளூர்' என்று சொல்லிவிட முடியாது. எண்ணெய்ச் சுத்திகரிப்பில் கிடைக்கும் தாரையே எடுத்துக்கொள்ளுங்கள். டர்பனின் தெற்கே மெரிபேங்க்கில் வளர்ந்தவர்களுக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் நாற்றம் நினைவிருக்கும். ஒன்று 2020 டிசம்பர் தீ விபத்தோடு நின்றது, பிறகு சேமிப்பு முனையமாக மாறிவிட்டது. மற்றொன்றும் 2022இல் நின்றது. இன்று ரோட்டில் கொட்டும் தாரில் கப்பலில் வருவது நிறைய. அது நம் மாமாவுக்கும் ஒரே விலை, ஜோஹன்னஸ்பர்க் ஆளுக்கும் ஒரே விலை. உள்ளூர்த்தன்மை கூலியிலும் ஜல்லியிலும் போக்குவரத்திலும் இருக்கிறது. தாரில் இல்லை.

இன்னொன்றும் உண்டு, அதை மதிப்பெண் பட்டியல் அளப்பதே இல்லை. டர்பனின் பேரியா சிவப்பு மணல் காய்ந்திருக்கும்போது கல் மாதிரி நிற்கும், தண்ணீர் இறங்கினால் பொலபொலவென்று உட்கார்ந்துவிடும். எந்தச் சரிவில் எந்தப் பக்கம் ஊற்று வரும், எந்தக் கல்வெர்ட் முதல் மழையிலேயே அடைக்கும் என்பது இங்கே பத்து வருஷம் குழி தோண்டியவனுக்குத் தெரியும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாலைகளும் பாலங்களும் போயின, டோங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையமே சேதமடைந்தது. அதற்குப் பிறகாவது மண்ணறிவைத் தகுதிச் சோதனையில் கேட்டிருக்கலாம். இதே மண்ணில் முடித்த வேலைகள் எவை, அவை மழைக்குப் பின் எப்படி நிற்கின்றன என்று கேட்டால் போதும். ஊர்ப் பெயருக்கு மதிப்பெண் கொடுப்பதைவிட இது எனக்கு நல்லதாகப் படுகிறது.

சரி, மாமாவிடம் வருவோம். அவருடைய தவறு தரநிலையைப் பார்க்காதது. அரசுக் கட்டுமான வேலைக்கு சி.ஐ.டி.பி. என்ற கட்டுமானத் தொழில் வளர்ச்சி வாரியத்தில் பதிவு வேண்டும், ஒன்று முதல் ஒன்பது வரை தரம். 2019இல் உயர்த்திய வரம்புகளின்படி ஐந்தாம் தரத்தவர் எடுக்கக்கூடிய வேலை 1 கோடி ராண்ட் வரை, ஆறு 2 கோடி, ஏழு 6 கோடி, எட்டு 20 கோடி. ஒன்பதுக்கு வரம்பில்லை. எங்கள் தெரு வேலை ஒரு பெரிய தொகுப்பின் பகுதி, எட்டாம் தரத்துக்கானது. மாமா இருப்பது மூன்றில், 30 லட்சம் வரை. வெளியூர்க்காரன் அவரிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை, அந்தப் பந்தயத்தில் அவர் ஓடவே இல்லை.

அப்படியானால் தொகுப்பை உடைத்திருக்கலாமே? இங்கே அதிகாரிகள் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். டெண்டர் விடாமல் தப்பிக்க வேலையைத் துண்டு போடுவதை நகராட்சிக் கொள்முதல் விதிகள் தடுக்கின்றன. அதற்குப் பயந்துகொண்டு நடைபாதை, கர்ப் கல், வடிகால், புல் வெட்டு எல்லாவற்றையும் தாரோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு பகுதியையும் முறையான போட்டி டெண்டராகவே தனித்தனியாக விடுவதை யாரும் தடுக்கவில்லை. நம் மாகாணப் போக்குவரத்துத் துறை வளரும் ஒப்பந்தக்காரர்களுக்கு வுகுசாக்கே, ஏழைக் குடும்பங்களைச் சாலைப் பராமரிப்பில் சேர்க்க சிபம்பெலே என்று தனித் திட்டங்களையே நடத்தியிருக்கிறது.

வேலை கிடைத்துவிட்டால் போதும் என்பது அடுத்த மயக்கம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனி, துணை ஒப்பந்தக்காரர் ஒருவருக்குக் கர்ப் கல் வேலை கொடுத்தது. நல்ல வேலைக்காரர், கோடு போட்ட மாதிரி கல் நிற்கும். நகராட்சி முப்பது நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அது நகராட்சிக்கும் எங்கள் கம்பெனிக்கும் இடையில். எங்களுக்கு வந்தால்தான் அவருக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அதை அவர் படிக்கவில்லை, நாங்கள் சொல்லவும் இல்லை. மூன்றாவது மாதம் டீசலுக்குக் காசில்லாமல் லாரியை விற்றார். அவர் உள்ளூர்க்காரர், நாங்களும் உள்ளூர்க்காரர்கள்தான். இன்றும் அவரை மார்க்கெட்டில் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடம்.

ஊர் கொந்தளித்தால் என்ன விலை என்பதற்கு ம்டென்டு பாலம் இருக்கிறது. ஈஸ்டர்ன் கேப்பின் வைல்ட் கோஸ்ட்டில், போர்ட் எட்வர்டைத் தாண்டி, என்2 நெடுஞ்சாலைக்காக தேசியச் சாலை நிறுவனமான சன்ரால் கட்டும் பாலம். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், பள்ளத்தாக்கிலிருந்து 220 மீட்டருக்கு மேல் உயரம். 2017இல் அவெங் என்ற தென்னாப்பிரிக்கக் கம்பெனியும் ஸ்ட்ராபாக் என்ற ஆஸ்திரியக் கம்பெனியும் சேர்ந்து சுமார் 160 கோடி ராண்டுக்கு எடுத்தன. உள்ளூர் எதிர்ப்பில் 2018 இறுதியில் வேலை நின்றது, 2019 தொடக்கத்தில் கூட்டணி விலகியது, உத்தரவாதப் பணத்துக்காக வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. பிறகு சீனக் கம்பெனி ஒன்று இருந்த புதிய கூட்டணியிடம் போனபோது தொகை 400 கோடிக்கு மேல். இடையில் போன வருஷங்களில் அங்கே ஒரு உள்ளூர் டிப்பருக்கும் லோடு கிடைத்திருக்காது.

இதற்குத்தான் சமூகத் தொடர்பு அலுவலர் என்று ஒருவரை வைக்கிறார்கள். பெரும்பாலும் வேலை ஆரம்பித்து, முதல் சண்டை வந்த பிறகு. கவுன்சிலரின் உறவுக்காரரை வைத்துவிட்டால் அந்தப் பதவியால் ஒரு பயனும் இல்லை. எத்தனை பேருக்கு வேலை, எந்த வார்டிலிருந்து, எந்த முறையில் தேர்வு என்பதைத் தேவாலயத்திலும் கோயிலிலும் மசூதியிலும் நூலகத்திலும் ஒட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே அடங்கும்.

கடைசியாக, தாமதம். நகராட்சி முடிவில் குறை இருந்தால் 14 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க விதி இடம் தருகிறது. மாமா என்னிடம் வந்தது ரோலர் ஓட ஆரம்பித்த பிறகு. அதற்குள் மாதங்கள் போயிருந்தன. நான் அவரிடம் கேட்டது வேறு. அந்த டெண்டரில் துணை ஒப்பந்தப் பகுதி என்று ஏதாவது இருந்ததா? அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் ஆவணத்தை இறக்கிப் படித்தோம். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் மண் அள்ளும் வேலை உள்ளூர்ச் சிறு நிறுவனங்களுக்கு என்று இருந்தது, மூன்றாம் தரம் போதும். அந்தத் துணை வேலைக்கு விலை கொடுக்கும் கடைசி நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் பாக்கி. மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒரு லோடுக்கு டீசல் எவ்வளவு பிடிக்கும் என்று கணக்குப் போட உட்கார்ந்தார்.