பழம்பொருள் எங்கே செய்யப்பட்டது? அரைகுறைத் தடயங்களை எடைபோடும் முறை

ஒரு பழம்பொருளின் பிறப்பிடத்தைத் தேடப் புறப்பட்டால், கையில் சிக்குபவை பெரும்பாலும் அரைகுறைத் தடயங்கள்தான். அவற்றைத் தூக்கியும் எறியக் கூடாது, தலையில் வைத்தும் கொண்டாடக் கூடாது. எப்படி எடைபோடுவது என்று எனக்கு மிகவும் பிடித்த ஒரு சிலையை வைத்தே பார்ப்போம்.

படி 1: கிடைத்த இடம் வேறு, செய்த இடம் வேறு

இத்தாலியின் பாம்பேய் இடிபாடுகளில் 1938-ல் ஒரு தந்தப் பெண் சிலை கிடைத்தது. உயரம் ஏறக்குறைய 25 செ.மீ. வெசுவியஸ் எரிமலை அந்த நகரைப் புதைத்தது கி.பி. 79-ல். ஆகவே சிலை அதற்கு முன்பே அங்கே போய்விட்டது. கிடைத்த இடம் உறுதியாகச் சொல்வது இவ்வளவுதான். காற்சிலம்பு, இடுப்பணி, இருபுறமும் நிற்கும் சிறிய பணிப்பெண்கள் எல்லாம் சேர்ந்து இந்திய வேலைப்பாடு என்று காட்டிவிடுகின்றன. சரி, இந்தியாவில் எங்கே? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

படி 2: யார் தோண்டி எடுத்தார்கள் என்று கேளுங்கள்

அகழாய்வில், மண்ணடுக்கோடு பதிவான பொருளா, இல்லை கடைவழி வந்ததா? பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1897-ல் விலைக்கு வாங்கிய படிக மண்டையோடு பண்டைய மெக்சிகோவுடையது என்று நெடுநாள் நம்பப்பட்டது. பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால் சுழலும் சக்கரம் தீட்டிய தடங்கள்! ஐரோப்பியர் வருகைக்கு முன் அங்கே அந்தக் கருவி கிடையாது. எடுத்த இடம் தெரியாத பொருளுக்கு நான் முதலிலேயே பாதி மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன்.

படி 3: ஒவ்வொரு தடயத்திடமும் இதைக் கேளுங்கள்

“என் ஊகம் தவறாக இருந்தாலும் இந்தத் தடயம் இருந்திருக்குமா?”

‘ஆம், இருந்திருக்கும்’ என்றால் அந்தத் தடயத்துக்கு எடை குறைவு. பாம்பேய் சிலையிடம் கேட்டுப் பார்ப்போம்.

சிலையின் அடியில் ஒரு கரோஷ்டி எழுத்து இருக்கிறது. கரோஷ்டி, பண்டைய காந்தார நாடு இருந்த, இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்குப் பகுதியின் எழுத்து. அப்படியானால் சிலை அங்கே செய்ததா? அவசரம் வேண்டாம். எழுத்தைச் செதுக்கியவரே சிலையையும் செதுக்கினார் என்பதற்கு என்ன ஆதாரம்? வழியில் கைமாறியபோது யாரோ போட்ட குறியாகவும் இருக்கலாம். வேறெங்கோ செய்து வடமேற்கு வழியாகப் போயிருந்தாலும் இந்த எழுத்து இருந்திருக்கும். ஆக, அது வந்த வழிக்கு நல்ல தடயம். பிறந்த இடத்துக்குச் சுமாரான தடயம்.

இன்னொரு பக்கம், மகாராஷ்டிரத்தின் போகர்தன், தேர் ஆகிய இடங்களில் இதே சாயலில் சிறு பெண் உருவங்கள் கிடைத்துள்ளன. இது கொஞ்சம் கனமான தடயம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: தோண்டிய இடத்தில்தான் பொருள் கிடைக்கும். தோண்டாத ஊரில் இதைவிட நெருங்கிய உருவம் மண்ணுக்குள் கிடக்கலாம். அந்த உருவங்களும் வேறிடத்திலிருந்து வந்தவையாக இருக்கலாம்.

இரண்டையும் தராசில் வைத்தால், என் கணக்கில் மகாராஷ்டிரம் அடங்கிய தக்காணத்தின் தட்டுதான் கனத்துச் சற்றுத் தாழ்கிறது. சற்றுத்தான்.

படி 4: ஒரே தடயத்தை இரண்டு முறை எண்ணாதீர்கள்

பத்துக் கட்டுரைகள் ஒரே செய்தியைச் சொன்னால் பத்துச் சான்று ஆகாது. எல்லாம் ஒரே மூலத்திலிருந்து எடுத்தவை என்றால் அது ஒரே சான்றுதான். பெயரும் அப்படித்தான். இந்தச் சிலையை ‘பாம்பேய் லட்சுமி’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். யட்சியாக, அதாவது லட்சுமி அல்லாத ஒரு சிறு பெண் தெய்வமாக, இருக்கலாம் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. நாம் வைத்த பெயர் சான்று ஆகாது.

படி 5: ஆய்வக எண் எதை அளக்கிறது?

தந்தத்தைக் கார்பன் முறையில் சோதித்தால் யானை வாழ்ந்த காலம் தெரியும், சிற்பி உளி பிடித்த காலம் தெரியாது. எரிமலைக் கண்ணாடிக் கல்லுக்கு வேதிச் சேர்க்கையை வைத்து அது வந்த எரிமலையையே பெரும்பாலும் சொல்லிவிடலாம். வெண்கலத்தில் அவ்வளவு நம்பிக்கை வைக்க முடியாது, பழைய பாத்திரங்களை உருக்கிக் கலந்திருப்பார்கள்.

படி 6: எது வந்தால் மனம் மாறுவீர்கள் என்று எழுதி வையுங்கள்

‘உறுதி’, ‘பெரும்பாலும்’, ‘இருக்கலாம்’ ஆகிய சொற்களில் ஒன்றை முடிவுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அப்புறம், எந்தத் தடயம் கிடைத்தால் அந்தச் சொல் மாறும் என்பதையும் எழுதுங்கள். என் குறிப்பேட்டில் இருப்பது இது: “தக்காணம், இருக்கலாம். வடமேற்கில் ஒரு பட்டறை மண்ணில், செதுக்கிய தந்தச் சீவல்களோடு இதே சாயலில் பாதி முடிந்த பெண் உருவம் கிடைத்தால், இதை அடித்துவிட்டு ‘காந்தாரம், பெரும்பாலும்’ என்று எழுதவும்.”