சிங்கப்பூர் வேலை: மீதிப் பணம் கட்டும் முன் ஐபிஏவைப் படித்தீர்களா?

“விசா வந்தாச்சு, மீதிப் பணத்தைக் கட்டிட்டு டிக்கெட் போட்டுடலாம்” என்று ஏஜென்ட் போன் செய்கிற அன்று வீட்டில் யாரும் காகிதத்தைப் படிக்கிற மனநிலையில் இருப்பதில்லை. கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் போகிறவர்களுக்கு அப்புறம் வருகிற தொல்லைகளில் பாதி, அன்று படிக்காமல் விட்டதில் தொடங்குவதுதான்.

ஏஜென்ட் விசா என்று சொல்வது ஐபிஏ. சிங்கப்பூர் மனிதவள அமைச்சு கொடுக்கும் கொள்கையளவு ஒப்புதல் கடிதம். வொர்க் பெர்மிட்டில் போகிறவருக்கு, அவர் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே, அவருக்குப் புரிகிற மொழியில் இதை அனுப்ப வேண்டியது கம்பெனியின் கடமை. எனவே தமிழ்ப் பிரதியையே கேளுங்கள், முழுதாகக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த முதல் பக்கத்தை வைத்துக்கொண்டு பணம் கட்டாதீர்கள். அனுமதி உண்மையா என்று அமைச்சின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அதில் முதலில் தேட வேண்டியது அடிப்படைச் சம்பளம். “மாசம் 940 டாலர்” என்பார் ஏஜென்ட். கடிதத்தில் 600 என்று இருக்கும். கேட்டால், “மீதி ஓவர்டைம்ல வந்துடும் தம்பி” என்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் 44 மணி நேர வேலைக்கு 600 டாலர் என்றால் மணிக்கு ஏறக்குறைய 3.15 டாலர். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 4.72. மாதத்துக்குச் சட்டம் பொதுவாக அனுமதிக்கும் உச்ச அளவான 72 மணி நேரமும் வேலை செய்தால்தான் அந்த 940 வரும். வேலை குறைந்த மாதத்தில் 600தான். பிடித்தம் இருந்தால் அதுவும் இல்லை. இதே அடிப்படைச் சம்பளம் 900 ஆக இருந்தால் ஓவர்டைம் மணிக்கு 7.08 ஆகிவிடும். ஆகவே ஏஜென்ட் வாயில் வருகிற மொத்தத் தொகையை விட்டுவிட்டு, கடிதத்தில் உள்ள அடிப்படையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எஸ் பாஸ், அதாவது வொர்க் பெர்மிட்டுக்கு மேல்படியில் உள்ள நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி, வாங்கித் தருவதாக ஆசை காட்டுவது இன்னொரு ரகம். அதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. 2025 செப்டம்பர் முதல் புதிய விண்ணப்பங்களுக்கு 3,300 டாலர். “பேங்க்ல அவ்வளவு விழும், பாதியை ரொக்கமா திருப்பிக் கொடுத்துடணும்” என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். அமைச்சிடம் பொய்ச் சம்பளம் காட்டுவது அங்கே குற்றம். தெரிந்தே உடன்பட்டுவிட்டு, பிறகு நியாயம் கேட்கப் போவது கடினம்.

லெவி (வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்காகக் கம்பெனி அரசுக்கு மாதாமாதம் கட்டும் வரி), பாதுகாப்பு வைப்புத்தொகை, மருத்துவக் காப்பீடு மூன்றும் கம்பெனி தலையில் விழுகிற செலவுகள். உங்களிடம் கேட்கக் கூடாது. வேலை தருவதற்காகக் கம்பெனி பணம் வாங்குவதும் குற்றம். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்சி உங்களிடம் வாங்கலாம். ஆனால் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. யாருக்குக் கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள். ரசீது என்றதும் முகம் சுளிக்கிற ஏஜென்டைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டெஸ்ட் அடித்துவிட்டால், அதாவது ஸ்கில் டெஸ்ட் என்கிற தொழில்திறன் தேர்வில் தேறிவிட்டால், வேலை நிச்சயம் என்று நம்பிக் கடன் வாங்குகிறவர்களும் உண்டு. அதில் கிடைப்பது தகுதிதான். ஆள் எடுப்பது கம்பெனி.

போய்ச் சேர்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைதானே என்று வேறு இடத்தில் கூலிக்குப் போகாதீர்கள். பெர்மிட் எந்தக் கம்பெனியின் பெயரில் இருக்கிறதோ அங்கே மட்டும்தான் வேலை. பிடிபட்டால் பெர்மிட் போகும், திரும்ப வரத் தடையும் விழலாம். பாஸ்போர்ட்டைக் கம்பெனி பூட்டி வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஐபிஏ நகல் ஒன்று வீட்டிலும், சம்பளச் சீட்டின் படங்கள் உங்கள் போனிலும் இருக்கட்டும்.

சம்பளப் பாக்கி இருந்தால் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விமானம் ஏறிவிடாதீர்கள். வேலையை விட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் புகார் பதிவாக வேண்டும். நேரில் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.