தென்னை ஏறுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது எப்படி?

எத்தனை வருடப் பழக்கம் இருந்தாலும் சரி, தனியாக ஏறாதீர்கள், கீழே ஒருவர் நிற்கட்டும். ஏறும் முன் அரிவாளின் பின்பக்கத்தால் மரத்தைத் தட்டிப் பாருங்கள். உள்ளே பொந்து இருப்பது போலச் சத்தம் கேட்டாலோ, ஓட்டை வழியே பழுப்புச் சாறு வடிந்தாலோ சிவப்புக் கூன்வண்டு குடைந்திருக்கலாம், அந்த மரத்தை விட்டுவிடுங்கள். குளவிக்கூடு இருக்கிறதா என்று கீழே நிற்பவர் சுற்றி வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். மேலே போனதும் காய்ந்த மட்டையைப் பிடிக்கவே கூடாது. மழையில் நனைந்த மரமா, நாளைக்கு வருகிறோம் என்று தோட்டக்காரரிடம் சொல்லுங்கள், ஒருநாள் கூலி போனால் போகட்டும். அப்புறம், தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா விபத்துக் காப்பீட்டில் சேருங்கள். படிவம் நிரப்பத் தெரியாத அண்ணன்மாருக்கு நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள்.