பணிக்கொடையில் பிடித்தம் என்று ஆணை வந்தால்: ரிட் போடும் வழி

அரசு வேலையிலிருந்து ஓய்வு பெறும் மாதத்தில்தான் தணிக்கைக்காரர்களுக்கு நம் பணிப்பதிவேடு ஞாபகம் வரும். "ஊதிய நிர்ணயம் தவறு, மிகையாகப் பெற்ற தொகை பணிக்கொடையில் (கிராஜுவிட்டி) பிடித்தம் செய்யப்படுகிறது" என்று செயல்முறை ஆணை வந்தால், அன்றைக்கே வக்கீலைத் தேடி ஓட வேண்டாம்.

முதலில் ஆணையைப் படியுங்கள். எல்லோரும் தொகையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் மேலே 'பார்வை' என்று போட்டு, முந்தைய கடிதங்களை வரிசையாகக் குறித்திருக்கும் இடத்தைப் பாருங்கள். உங்களுக்கு அனுப்பிய நோட்டீஸ், நீங்கள் கொடுத்த விளக்கம் இரண்டும் அங்கே தேதியோடு இருக்க வேண்டும். தணிக்கைக் கடிதம் மட்டும் இருந்தால், உங்களைக் கேட்காமலே வெட்டியிருக்கிறார்கள். அரசியலமைப்பின் 226ஆம் பிரிவில், அரசு ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனு அப்பீல் இல்லை. கோர்ட் பொதுவாகக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்காது. ஆணை போட்டவருக்கு அதிகாரம் உண்டா, எந்த விதி, என்ன காரணம், விசாரித்தாரா என்றுதான் பார்க்கும்.

அப்புறம் பணிப்பதிவேட்டு நகல். அலுவலகத்தில் இழுத்தடித்தால் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போடுங்கள். பஞ்சாப் அரசு எதிர் ரஃபீக் மசீ வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கீழ்நிலைப் பணியான 'சி', 'டி' பிரிவு ஊழியர்களிடமும், ஓய்வு பெற்றவர்கள், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களிடமும் இப்படித் திரும்ப வசூலிக்கக் கூடாது என்றது. ஆனால் 2016இல் ஜக்தேவ் சிங் வழக்கில், கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று முன்பே உறுதிமொழி எழுதிக் கொடுத்த அதிகாரியிடம் வசூலிக்கலாம் என்றும் சொல்லிவிட்டது. ஊதியக் குழு நேரத்தில் கும்பலோடு கும்பலாகக் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வக்கீலிடம் மறைக்காதீர்கள், எதிர்த்தரப்பு எப்படியும் எடுத்து நீட்டும்.

எந்தக் கோர்ட்? டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. தஞ்சாவூர், திருச்சி என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. பக்கத்திலேயே இருக்கும் திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்றால் சென்னை. தபால், ரயில்வே ஊழியர்கள் முதலில், மத்திய அரசு ஊழியர்களின் பணி வழக்குகளைப் பார்க்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும்.

தாமதம் மட்டும் கூடாது. பழைய கோரிக்கைக்கு இப்போது அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்து, அதற்கு வந்த பதிலை வைத்து வழக்குக்கு உயிர் கொடுக்க முடியாது என்று 2008இல், நம் தமிழ்நாட்டு ஊழியர் சி. ஜேக்கப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாதாமாதம் பென்ஷன் குறைவது தொடரும் தவறு என்பதால் அதில் கொஞ்சம் சலுகை உண்டு. ஆனால் நிலுவை பொதுவாக, ரிட் மனு போட்ட நாளுக்கு முந்தைய 3 ஆண்டுக்குத்தான்.

கடைசியாக, மனுவில் என்ன கேட்பது? "அலுவலகத்தில் நான் கொடுத்த மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்" என்று மட்டும் கேட்பது பலருடைய பழக்கம். ஆணையே கையில் இருக்கும்போது அது வீண் சுற்று. பரிசீலித்து மறுபடி நிராகரிப்பார்கள், நீங்கள் மறுபடி வழக்குப் போட வேண்டும். ஆணையை ரத்து செய்து தொகையை விடுவிக்கச் சொல்லிக் கேளுங்கள். இன்னும் பிடித்தம் செய்யவில்லை என்றால் இடைக்காலத் தடை, செய்துவிட்டார்கள் என்றால் வட்டியோடு திருப்பித் தரும்படி.