கண்ணில் மச்சம் இருந்தால் என்ன செய்ய வேண்டும்?

கண் வெள்ளையில் பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்ததும் வீட்டில் ஒருவர் அதிர்ஷ்டம் என்பார், இன்னொருவர் ராத்திரி முழுக்கப் போனில் புற்றுநோயைத் தேடிக்கொண்டிருப்பார். இரண்டும் வேண்டாம். முதலில் ஒரு போட்டோ எடுங்கள்.

பகலில் ஜன்னல் ஓரம் நின்று, ஃபிளாஷை அணைத்துவிட்டு, வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள். புள்ளி மூக்குப் பக்கம் இருந்தால் பார்வையைக் காதுப் பக்கம் ஓட்டினால்தான் முழுதாகத் தெரியும். தேதியோடு சேமித்து வைத்து, ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுங்கள். மச்ச விஷயத்தில் ‘வளர்ந்ததா’ என்பதுதான் பெரிய கேள்வி, அதற்கு நினைவை நம்ப முடியாது.

நம்மைப் போன்ற மாநிறக்காரர்களுக்கு இரண்டு கண்ணிலும் கருவிழியைச் சுற்றி லேசாகப் பழுப்புப் படர்ந்திருப்பது சகஜம், அது மச்சமே இல்லை. ஒரு கண்ணில் மட்டும், அதுவும் நடுத்தர வயதில் புதிதாக வந்தால் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.

அம்மாவுக்கு இருந்ததால் வந்ததா என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. நிறமிச் செல் ஒன்றின் மரபணுவில் இடையில் விழுந்த பிழை அது. வெள்ளைப்பகுதி மச்சத்தில் பிராஃப் அல்லது என்ராஸ் மரபணு, விழித்திரைக்குப் பின்னால் வரும் மச்சத்தில் ஜிஎன்ஏகியூ அல்லது ஜிஎன்ஏ11 மரபணு. அந்த ஒரு பிழை மட்டும் புற்றுநோயாக மாற்றிவிடாது. பரம்பரையாக வரும் விதிவிலக்கு பிஏபி1 மரபணு: அதன் பழுது அம்மா, அப்பாவில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. குடும்பத்தில் கண் மெலனோமாவோடு (நிறமிச் செல்லில் வரும் புற்றுநோய்) சிறுநீரகப் புற்றுநோய், மீசோதீலியோமா (நுரையீரல், வயிற்று உறைகளில் வரும் புற்றுநோய்) என்று ஏதாவது இருந்தால் மரபணு ஆலோசனை கேளுங்கள்.

கண்ணைச் சுற்றித் தோலிலும் நீலச்சாம்பல் நிறம் படர்ந்திருந்தால் அது ஓட்டா மச்சமாக இருக்கலாம், ஆசியர்களிடம் அதிகம். அதற்குக் கண் அழுத்தத்தையும் வருடாவருடம் பார்க்க வேண்டும்.

உள்ளே இருக்கும் மச்சம் கண்ணாடியில் தெரியாது. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துத்தான் பார்ப்பார்கள். அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டாம், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். தடிமன் 2 மில்லிமீட்டரைத் தாண்டியதா, அடியில் நீர் கோத்திருக்கிறதா, ஆரஞ்சு நிறத் திட்டு உண்டா, பார்வை நரம்பிலிருந்து 3 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், மச்சம் புற்றுநோயாக மாறும் அபாயத்தைக் காட்டும் அடையாளங்கள் இவை. பார்வை மங்கினாலோ மின்னல்போல் வெட்டினாலோ அதையும் சொல்லுங்கள்.

சரி, சிகிச்சை? பெரும்பாலான மச்சத்துக்குக் கண்காணிப்புதான். எந்தச் சொட்டு மருந்தும் கரைக்காது, தேனும் மூலிகைச் சாறும் கண்ணைப் புண்ணாக்கும். வெள்ளைப்பகுதி மச்சம் வளர்ந்தாலோ நிறம் மாறினாலோ வெட்டி எடுப்பார்கள், எடுத்ததைக் கட்டாயம் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அழகுக்காக லேசரில் எரித்தால் பரிசோதிக்கத் திசுவே மிஞ்சாது, அதனால் நான் அதைச் சொல்லவே மாட்டேன். உள் மச்சம் மெலனோமாவாக மாறியிருந்தால் கதிரியக்கத் தகட்டைக் கண்ணின் வெளிச்சுவரில் தைத்துச் சில நாள் வைப்பது முக்கியமான ஒரு வழி, பல நேரம் கண்ணை எடுக்காமலே சமாளித்துவிடலாம்.

டாக்டரை மாற்றினால் பழைய போட்டோ, ஸ்கேன், பயாப்ஸி ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் கொண்டுபோங்கள்.