கராஜில் கோல்ஃப்: லாஞ்ச் மானிட்டர் வாங்குமுன் டேப்பை எடுங்கள்

நான் இரண்டு லாஞ்ச் மானிட்டர் வாங்கியவன்; அடித்த பந்தை அளந்து, அது எங்கே போயிருக்கும் என்று திரையில் காட்டும் கருவி அது. ஒன்றே போதுமாயிருந்திருக்கும். முதலாவதை வாங்குவதற்கு முன் மூன்று வாரம் ஒப்பீட்டு வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன்; என் கராஜின் நீளத்தை மட்டும் அளக்கவில்லை.

நாங்கள் இருப்பது ஒஹாயோவில், கொலம்பஸுக்குப் பக்கத்து டப்ளினில். கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லஸ் அமைத்த முயர்ஃபீல்ட் வில்லேஜ் மைதானம் இருக்கிற ஊர். அங்கே ஆடுகிற வசதியெல்லாம் எனக்கில்லை; மெமோரியல் போட்டி நடக்கும்போது டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்ப்பதோடு சரி. குளிர் இறங்கிவிட்டால் மார்ச் முடியும்வரை மைதானத்தில் கிளப்பை, அதாவது மட்டையை, தொட மனம் வராது. கராஜுக்குள் திரையும் பாயும் வந்தது அதனால்தான்.

முதல் குளிர்காலம் முழுக்க என் டிரைவர் அடி, அதாவது தூரத்துக்கு அடிக்கும் நீளமான கிளப்பின் அடி, நேராகப் போனது. திரையில். ஆறு வருஷமாக என்னோடு இருந்த ஸ்லைஸ் (பந்து வலப்பக்கம் வளைந்து போகும் கோளாறு) தானாகவே விட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். ஏப்ரலில் நகராட்சி கோர்ஸின் முதல் ஹோலிலேயே பந்து பழைய பாசத்தோடு வலதுபக்க மரங்களுக்குள் போய்ச் சேர்ந்தது.

ஏன் அப்படி ஆனது என்று புரிந்துகொண்டால் வாங்கும் வேலை பாதி முடிந்த மாதிரி. இந்தக் கருவிகளில் இரண்டு ரகம். ரேடார் ரகம் பந்துக்குப் பின்னால் உட்கார்ந்து, பறக்கும் பந்தில் பட்டுத் திரும்பும் அலையை வைத்துக் கணக்குப் போடும். கிரிக்கெட்டில் பந்துவீச்சு வேகத்தைக் காட்டும் அதே டாப்ளர் வித்தை. டிராக்மேன், ஃப்ளைட்ஸ்கோப் மீவோ பிளஸ், கார்மின் ஆர்10 எல்லாம் இந்த வழி; நான் முதலில் வாங்கியதும் இந்த ரகம்தான். டிராக்மேனின் பொறியாளர் ஃப்ரெட்ரிக் டூக்ஸன் அதற்கு முன் ராணுவ ரேடாரில் வேலை பார்த்தவர். பீரங்கிக் குண்டுக்கு முன்னால் கிலோமீட்டர் கணக்கில் வானம் இருக்கும். என் பந்துக்கு முன்னால் இருந்தது ஏழு அடி.

எட்டடி என்றே வைத்துக்கொள்வோம். மணிக்கு 140 மைல் வேகத்தில் கிளம்பும் பந்து அந்தத் தூரத்தை ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கடந்து திரையில் மோதிவிடும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஸ்பின் என்றாலும், அதற்குள் பந்து சுற்றுவது ஏறக்குறைய இரண்டே சுற்று. பந்து எவ்வளவு சுற்றுகிறது, எந்தப் பக்கம் சாய்ந்து சுற்றுகிறது என்பதை இந்த இரண்டு சுற்றிலிருந்துதான் சின்ன ரேடார் ஊகிக்க வேண்டும். சாய்வைத் தவறவிட்டால் ஸ்லைஸ் காணாமல் போகும். வேகத்தைப் பெரும்பாலும் நன்றாகவே சொல்லும், வளைவில்தான் ஏமாறும். இதற்காகவே மீவோ பிளஸ்ஸுக்குப் பந்தில் ஒட்ட உலோகப் புள்ளிகளும், டைட்லிஸ்டில் ரேடாருக்கென்றே ஆர்சிடி பந்தும் விற்கிறார்கள். நல்ல உதவிதான், ஆனால் இடம் இல்லாத குறையைப் பந்து தீர்க்காது.

கேமரா ரகம் வேறு. ஃபோர்சைட் ஜிசி3, புஷ்னெல் லாஞ்ச் ப்ரோ, ஸ்கைட்ராக் போன்றவை பந்துக்குப் பக்கவாட்டில், ஆடுபவரைப் பார்த்தபடி தரையில் இருக்கும். அடிபட்ட கணத்தில் அடுத்தடுத்துப் படமெடுத்துப் பந்தின் வேகம், கோணம், சுழற்சி மூன்றையும் அளந்துவிடும். அதற்குப்பின் பந்து எவ்வளவு தூரம் பறந்தாலும் அதற்குக் கவலையில்லை.

இப்போது டேப்பை எடுங்கள். திரைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அடி. திரையிலிருந்து பந்துக்கு எட்டு முதல் பத்து அடி. கிட்டே வைத்தால் பந்து திரும்பி உங்கள் முழங்காலுக்கே வரும். ரேடார் என்றால் பந்துக்குப் பின்னால் இன்னும் ஆறு முதல் எட்டு அடி. ஆகக் குறைந்தது 15, நிம்மதியாக என்றால் 18 அடிக்கு மேல். என் கராஜ் காகிதத்தில் 20 அடி. அலமாரி, பழைய ஃப்ரிட்ஜ், வெந்நீர் டேங்க் போக மிச்சம் 15-க்கும் குறைவு. திரையையும் ரேடாரையும் பந்துக்குக் கிட்டே நெருக்கி வைத்துச் சமாளித்தேன். சமாளித்ததன் விலை அந்த ஏப்ரல்.

உயரம் ஒன்பது அடி இருந்தால் பலரும் ஆடலாம், பத்து இருந்தால் யோசிக்கவே வேண்டாம். டிரைவர் ஒன்றே நாலடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. நீங்கள் மட்டும் சுழற்றிப் பார்த்தால் போதாது. வீட்டுக்கு வருகிற நெட்டையான ஆளையும் மெதுவாகச் சுழற்றச் சொல்லுங்கள். என் மச்சான் ஆறடி இரண்டு அங்குலம். கராஜ் கதவு ஓடும் தண்டவாளத்தில் அவர் கிளப் பட்ட தடம் இன்னும் இருக்கிறது.

அகலத்தில்தான் எங்கள் வீட்டுச் சிக்கல். என் மனைவிக்கு இடக்கைப் பழக்கம். ரேடார் பின்னால் இருந்ததால் முதல் வருஷம் இது பிரச்சினையாகவே தெரியவில்லை. கேமராவுக்கு மாறலாம் என்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி: “ஏங்க, ஒவ்வொரு தடவையும் அதைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கணுமா?” ஆமாம், வைக்கத்தான் வேண்டும். தலைக்கு மேலே கூரையில் மாட்டும் யுனீக்கோர் ஐ எக்ஸ்ஓ போன்றவற்றில் இந்தத் தொல்லை இல்லை. வலக்கை இடக்கை இரண்டையும் இருந்த இடத்திலிருந்தே பார்க்கும். ஆனால் விலை பல ஆயிரம் டாலர், கூரையும் உயரமாக இருக்க வேண்டும். எங்களுக்கு இரண்டும் ஒத்துவரவில்லை.

கடைசியில் செய்தது இது. தரைக் கேமராவை நடுவில் வைத்து, அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பாய். ஆள் மாறும்போது கருவியை அரைச்சுற்று திருப்பி, மென்பொருளில் இடக்கை என்று மாற்றினால் முடிந்தது. இதற்கு அகலம் 14, 15 அடி வேண்டும். இரட்டைக் கார் கராஜில் கிடைக்கும், கார் வெளியே பனியில் நிற்கும்.

பணக் கணக்கை மூன்று வருஷத்துக்குப் போடுங்கள். 2021-இல் ஆர்10 வந்தபோது 600 டாலர். டிராக்மேன் 4 அப்போது 20,000 டாலர் அளவில். நடுவில் எல்லா விலையிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் பெட்டி விலையோடு முடியாது: பல கருவிகளுக்கு வருடச் சந்தா உண்டு, சந்தா கட்டாவிட்டால் சில வசதிகள் பூட்டியே கிடக்கும். கோர்ஸ்களில் ஆட ஜிஎஸ்ப்ரோ மென்பொருள் பலருக்கும் பிடித்தது. அதற்கும் வருடத்துக்கு 250 டாலர் போலச் சந்தா, அதோடு நல்ல கிராஃபிக்ஸ் கார்டுள்ள கம்ப்யூட்டர். நீங்கள் வாங்கும் கருவி அதோடு நேரடியாகப் பேசுமா, இடையில் வேறொருவர் எழுதிய இணைப்பு நிரல் வேண்டுமா என்று முதலிலேயே பாருங்கள்.

கிளப்பின் வேகம், முகக் கோணம் இதெல்லாம் வேண்டுமா என்றும் யோசியுங்கள். பயிற்சிக்கு வேண்டும். சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு ஒன்பது ஹோல் ஆட, பந்து விவரம் மட்டும் சரியாக இருந்தால் போதும் என்பது என் கட்சி.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். கேமராவுக்கு நேர் வெயில் ஆகாது. கதவு ஜன்னலுக்கு அட்டை வையுங்கள். ரேடாருக்குச் சுழலும் விசிறியும் பழைய டியூப் லைட்டும் தொல்லை.

கருவி வந்ததும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் 7-ஆம் நம்பர் அயர்ன் கிளப்பில் இருபது பந்து அடியுங்கள். ஸ்பின் நிமிடத்துக்கு 7000 சுற்றை ஒட்டி வர வேண்டும். மெதுவாக ஆடுபவருக்குச் சற்றுக் குறையலாம். ஒரு பந்துக்கு 3000, அடுத்ததற்கு 9000 என்று தாவினால் வைத்த இடத்தைச் சரிபாருங்கள், அப்புறமும் தாவினால் திருப்பி அனுப்புங்கள். வேண்டுமென்றே இரண்டு ஸ்லைஸும் அடித்துப் பாருங்கள். எனக்கு அது வேண்டுமென்று முயலாமலே வந்தது. புதுக் கருவி இரண்டையும் கூசாமல் மரத்துக்குள் அனுப்பியது. சந்தோஷமாக வைத்துக்கொண்டேன்.

தரைக் கேமராவுக்கு இரும்புக் கவசப் பெட்டி விற்கிறார்கள், அதையும் சேர்த்தே வாங்குங்கள். ஷேங்க் விழுந்தால், அதாவது பந்து கிளப்பின் கழுத்தில் பட்டுப் பக்கவாட்டில் தெறித்தால், பந்து நேராக அதன் மேல்தான் போகும். எங்கள் கவசத்தில் முதல் வாரமே ஒரு பள்ளம். யார் அடித்தது என்று ஒரு மாதம் வாக்குவாதம் நடந்தது. ஆளுக்கு ஆள் கருவியைத் திருப்பி வைப்பதால் வலக்கை ஷேங்க் ஒரு பாதியிலும், இடக்கை ஷேங்க் மறு பாதியிலும்தான் படும் என்று ஒருநாள் என் மனைவி காகிதத்தில் வரைந்து காட்டினாள். பள்ளம் என் பாதியில் இருந்தது.