செட்டர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால்

கம்பம், கூடலூர், குமுளி, வண்டிப்பெரியார் என்று தமிழ்நாடு-கேரள எல்லை மலைக்கு இரண்டு பக்கமும் ஆடும் வாலிபால் டீம்களில், அடிப்பவருக்குப் பந்தை உயர்த்திக் கொடுக்கும் (செட் போடும்) செட்டர் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான் இருப்பார். ஸ்மாஷ் அடிக்க நாலு பேர் முண்டுவார்கள், செட் பழக ஒருத்தரும் வரமாட்டார். அந்த ஒருவர் பிளாக்குக்கு (எதிரணி அடியை வலைக்கு மேல் தடுக்க) எகிறி இறங்கும்போது எதிராளியின் பாதத்தை மிதித்து கணுக்கால் மடங்கிவிட்டால் டீமே கையைப் பிசையும். ஆனாலும் பாதி டீம்கள் அதன் பிறகும் அதே குவிக் பால் (தாழ்வாக, வேகமாகத் தூக்கும் பந்து), அதே பேக் செட் (தலைக்குப் பின்னால் போடும் பந்து) என்று ஆடப் பார்க்கின்றன. ஆட்டத்தில் அந்த செட்டையே தோற்பது அங்கேதான். புதிதாக செட் போட வருபவரை விட, மற்ற ஐந்து பேரின் வேலைதான் அதிகம் மாற வேண்டும்.

முதலில் அடிபட்டவர். ராலி நடக்கும்போது பலமாக அடிபட்டால் ரெஃப்ரி உடனே நிறுத்துவார், அந்த பாயின்ட் மறுபடி ஆடப்படும். பெஞ்சில் தகுதியான ஆள் இருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். மூன்று நிமிடம் காத்திருக்கும் சலுகை, மாற்ற ஆளே இல்லாத டீமுக்கு மட்டும், அதுவும் ஒரு ஆட்டக்காரருக்கு ஒரு மேட்சில் ஒரே ஒரு தடவை. உள்ளூர் டோர்னமென்டில் கமிட்டி இதை வேறு மாதிரி வைத்திருக்கலாம், டாஸுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கணுக்காலில் பார்க்க வேண்டியது இரண்டு. பிடிமானம் இல்லாமல் நாலு அடி நடக்க முடிகிறதா? கணுக்கால் மொளியின் பின்விளிம்பிலோ நுனியிலோ, சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடுவில் துருத்தும் எலும்பிலோ அமுக்கினால் வலிக்கிறதா? நடக்க முடியவில்லை என்றாலோ அமுக்கினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். அதுவரை ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள், கிரேப் பேண்டேஜ் கட்டி காலை உயர்த்தி வையுங்கள். கேரளப் பக்கத்து உழிச்சில்காரரும் நம் பக்கத்துச் சுளுக்கு எடுப்பவரும் நல்ல மனதோடுதான் வருவார்கள். இருந்தாலும் முதல் இரண்டு நாள் எண்ணெய் போட்டு உருவவும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம், வீக்கம் கூடும். கைவிரல் கோணிக்கொண்டால் இழுத்து நிமிர்த்தாதீர்கள். உள்ளே எலும்பு முறிந்திருந்தால் அந்த இழுப்பிலேயே காரியம் கெடும். பக்கத்து விரலோடு சேர்த்து டேப் ஒட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

இனி மாற்று ஆள். இங்கே டீம்கள் செய்யும் வழக்கமான தவறு மேட்ச் தொடங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பெஞ்சில் இருக்கும் இரண்டாவது செட்டரை, சர்வீஸ் நன்றாகப் போடுகிறார் என்று வலை நடுவில் தடுக்கும் மிடில் பிளாக்கர் இடத்தில் இறக்குவார்கள். ஒரு செட்டில் ஆறு மாற்றம் உண்டு. ஆனால் ஒருவருக்குப் பதிலாக உள்ளே போனவர் அந்த செட் முடியும்வரை அவர் இடத்துக்கு மட்டும்தான். பிறகு செட்டருக்கு அடிபட்டாலும் அவரை அங்கே இறக்க முடியாது. விதிப்படி வேறு யாரையும் இறக்க வழியில்லை என்ற நிலை வந்தால்தான் விதிவிலக்கு மாற்றம் கிடைக்கும். அப்படி வெளியே போன செட்டர் அந்த மேட்சுக்கே திரும்ப முடியாது. சாதாரண மாற்றத்தில் போனவருக்கு அதே செட்டில் ஒரு முறை திரும்பி வரும் வாய்ப்பு உண்டு. ஆகவே இரண்டாவது செட்டரை வேறு எதற்கும் செலவழிக்காதீர்கள்.

பெஞ்சில் செட்டரே இல்லையென்றால், ரொட்டேஷனில் (சர்வீஸ் கைக்கு வரும்போதெல்லாம் ஆறு பேரும் ஒரு இடம் நகரும் வரிசை) செட்டருக்கு நேர் எதிர்மூலையில் நிற்கும் ஆப்போசிட்டுக்கு மேட்சுக்கு முன்பே செட் போடப் பழக்கி வையுங்கள். காரணம் எளிது. செட்டர் விழுந்தால் அவர் இடத்துக்கு ஸ்மாஷ் அடிக்கும் ஒரு ஸ்பைக்கரை இறக்கலாம், ஆப்போசிட் செட்டராகிவிடுவார். மற்ற நாலு பேரின் இடமும் வரிசையும் அப்படியே இருக்கும், பொசிஷன் ஃபவுலும் வராது. ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது விரல் மென்மையை மட்டும் பார்க்காதீர்கள். பந்து எங்கே போனாலும் அடியில் போய் நிற்கும் காலும், ‘என் பந்து’ என்று கத்தும் குரலும் இருப்பவர் போதும்.

யாரும் பழகவில்லை என்றால் பழைய முறை கைகொடுக்கும்: முன்வரிசையின் நடு இடமான 3-இல் யார் வருகிறாரோ அவரே அந்த ரொட்டேஷனில் செட் போடுவார். பின்னாலிருந்து ஓடி வர வேண்டியதில்லை என்பதால் குழப்பம் குறையும். அடிப்பவர் இரண்டு பேர்தான் என்பது அதன் விலை.

ஆட்டத்தில் மாற்ற வேண்டியதில் முதலாவது பாஸ், அதாவது எதிரணியின் பந்தை வாங்கி செட்டருக்கு அனுப்பும் முதல் தட்டல். வழக்கமான செட்டர் வலைக்கு ஒட்டி வரும் பந்தைக்கூட ஒற்றைக் கையில் சமாளிப்பார். புதியவருக்கு அது வந்தால் வலையில் கை படும், அல்லது பந்து எதிர்ப்பக்கம் போய் அங்கேயே அடிபடும். ஆகவே எதிரணி சர்வீஸை வாங்கும்போது பாஸின் இலக்கை வலையிலிருந்து இரண்டு, இரண்டரை மீட்டர் பின்னுக்கு, கிட்டத்தட்ட மூன்று மீட்டர் கோடு வரை தள்ளி வையுங்கள். உயரத்தையும் ஒரு ஆள் உயரமாவது கூட்டுங்கள். அந்தக் கூடுதல் நொடியில்தான் புதியவர் காலை ஊன்றி, தோளைத் திருப்பி நிற்பார்.

இரண்டாவது, செட்டின் வகையைக் குறையுங்கள். முன்வரிசை இடது மூலையான 4-க்கு ஒரே ஒரு உயரப் பந்து: வலைக்கு மேல் இரண்டு மீட்டருக்குக் குறையாமல் எழும்பி, வலையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஆன்டெனாவுக்கு (வலையின் ஓரத்தில் நிற்கும் குச்சி) அரை மீட்டர் உள்ளே விழ வேண்டும். அடிப்பவர் பந்து கையை விட்டுக் கிளம்பிய பிறகே ஓட வேண்டும். பழைய செட்டரின் வேகத்துக்குப் பழகியவர்கள் முன்கூட்டியே எகிறிவிட்டு, செட் சரியில்லை என்று முறைப்பார்கள். அந்த முறைப்புதான் புதியவரின் கையை இன்னும் நடுங்க வைக்கும். டைம் அவுட் 30 விநாடிதான். அதில் வேறு எதுவும் பேசாமல் அடிப்பவர்களிடம் இதை மட்டும் சொல்லுங்கள்.

விரலில் பந்து சரியாக உட்காராதபோது முன்கையால் தட்டி உயர்த்துவதில் கேவலம் ஒன்றும் இல்லை. அது டபுள் டச்சுக்கு (பந்து ஒருவர் கையில் இரண்டு முறை படும் ஃபவுல்) விசில் விழுவதைப் பெரிதும் குறைக்கும். டிசம்பர், ஜனவரி இரவு ஆட்டங்களில் பனியில் பந்து நனைந்து வழுக்கும்போது முன்கைதான் நம்பகம். ஒவ்வொரு சர்வீஸுக்கு முன்பும் பந்தைத் துண்டால் துடைக்கச் சொல்லி ரெஃப்ரியிடம் கேளுங்கள்.

எதிரணியும் சும்மா இருக்காது. புது செட்டர் பின்வரிசைக்கு வந்ததும் சர்வீஸை அவர் மேலேயே போடுவார்கள். முதல் பந்தை அவர் தொட்டுவிட்டால் இரண்டாவது பந்து யாருடையது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பின்வரிசையில் மட்டும் ஆடும் லிபரோ என்றால் ஒரு எச்சரிக்கை: மூன்று மீட்டர் கோட்டுக்கு முன்னால் நின்று விரலால் அவர் உயர்த்திய பந்தை, வலைக்கு மேல் உயரத்தில் வைத்து யாரும் அடிக்கக் கூடாது. கோட்டுக்குப் பின்னால் நிற்கட்டும், இல்லையென்றால் முன்கையைப் பயன்படுத்தட்டும். முன்வரிசையில் புதியவர் குள்ளமாக இருந்தால் அவர் தலைக்கு மேலேயே அடிப்பார்கள். பின்வரிசை வலது மூலையான 1-இல் நிற்பவர் லைனை (பக்கக் கோட்டோரம் நேராக வரும் அடி) காக்கட்டும், மிடில் பிளாக்கர் நெருங்கி கிராஸை (குறுக்காக வரும் அடி) மூடட்டும்.

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அமெரிக்கப் பெண்கள் அணியின் செட்டர் ஜோர்டின் போல்ட்டருக்கு இத்தாலியோடு ஆடும்போது கணுக்கால் மடங்கியது. மீக்கா ஹான்காக் உள்ளே வந்தார், 3-2 என்று ஜெயித்தார்கள், கடைசியில் தங்கமும் வாங்கினார்கள். இரண்டாமவரும் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு பாடம் உண்டு. 2023 ஜனவரி 29 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பர்டிக்கு முழங்கையில் அடி, மாற்று வந்த ஜான்சனுக்குத் தலையில் அடி. பந்தை எறிய முடியாத பர்டியே மறுபடி இறங்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டே மூன்றாவது குவார்ட்டர்பேக்குக்கான அவசர விதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நம் டீமிலும் மூன்றாவதாக லிபரோவுக்கு செட் பழகிக் கொடுப்பது நல்லது.

பயிற்சிக்குப் பெரிய திட்டம் வேண்டாம். ஒவ்வொரு நாளும் 15 நிமிடம், இரண்டாமவர் 60 பந்து 4-க்குப் போடட்டும். அதில் பாதியாவது வேண்டுமென்றே கெடுத்துக் கொடுத்த பாஸாக இருக்கட்டும், மேட்சில் அப்படித்தான் வரும். வாரம் ஒரு முறை முதல் செட்டரை வெளியே உட்காரவைத்து ஒரு முழு செட் ஆடுங்கள். கேரளப் பக்கமிருந்து கெஸ்ட் ஸ்பைக்கரை மேட்சன்றுதான் அழைத்து வருவீர்கள் என்றால், வார்ம்அப்பில் அவருக்கு முதல் செட்டர் பத்து, இரண்டாமவர் பத்து என்று போட்டுப் பார்க்கட்டும்.

செட்டர் திரும்பும்போது, அடிபட்ட காலில் மட்டும் வலியின்றித் துள்ளி, பிளாக் போல எகிறி இறங்க முடிந்தால்தான் சேருங்கள். முதல் இரண்டு மேட்சில் அவரை 1-இல் தொடங்க வையுங்கள். 1, 6, 5 என்று மூன்று ரொட்டேஷன் பின்வரிசை, வலையோரம் எகிற வேண்டாம். 4-க்கு வந்ததும் மாற்றுங்கள், மறுபடி 1 வரும்போது உள்ளே எடுங்கள். ஒரு செட்டில் இந்த ஏற்பாடு ஒரு சுற்றுக்குத்தான் வரும். அடுத்த முறை அவர் 4-க்கு வரும்போது சாதாரண மாற்றம் கிடையாது, முன்வரிசையில் ஆடியே ஆக வேண்டும். அப்போது பிளாக்குக்கு அவர் எகிற வேண்டாம் என்பதையும் மிடிலிடம் முன்பே சொல்லி வையுங்கள்.